ஒருத்திக்கான அளவு

தங்கை படியிறங்கும் செருப்புச் சத்தம் தெருவில் கரைகிற வரை பெரியவள் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாள். ஊசியில் நூல் இருக்காது, அடியில் துணியும் இருக்காது, சும்மா மிதித்துக்கொண்டிருப்பாள். சத்தம் அடங்கியதும் ஜன்னலில் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். கம்பி வளைந்த கறுப்புக் குடை மருந்துக்கடையைத் தாண்டித் திரும்பிவிட்டது தெரிந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். பிறகு அடுப்படிக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வாள். பார்க்கிறவர்கள் ஏதோ களவாணி வேலை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

நடப்பது காபி போடுகிற வேலைதான். ஒரே ஒரு ஆளுக்கு.

விடியற்காலையில் இரண்டு பேருக்குமாகப் போட்டுக் குடித்தாயிற்று. அதில் ஒரு குறையும் கிடையாது. அந்தக் காபியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போட்டுவிடுவாள். மேடு கட்டி மூன்று ஸ்பூன் பொடி, கரண்டியின் பின்பக்கத்தால் மேலாக ஒரு அமுக்கு, கொதிக்கிற தண்ணீரை ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நூல் மாதிரி விட வேண்டியது. படுக்கையைச் சுருட்டி வைத்து, முகம் கழுவி, பாலை அடுப்பில் ஏற்றி இறக்குவதற்குள் கீழ்த்தட்டில் டிகாக்‌ஷன் கறுப்பாகக் கனத்து நிற்கும். ஒருத்திக்கு என்று போடும்போதுதான் அந்த ஃபில்டர் அவளோடு மல்லுக்கு நிற்கிறது.

கணக்கு என்னவோ சுலபம்தான். இரண்டு பேருக்கு மூன்று ஸ்பூன் என்றால் ஒருத்திக்கு ஒன்றரை. ஆனால் ஃபில்டர் பெரிது. வீட்டில் ஐந்து பேர் இருந்த காலத்தில் வாங்கியது. ஒன்றரை ஸ்பூனைப் போட்டால் ஓட்டைத் தட்டின் மேல் சாம்பல் தூவினதுபோலக் கிடக்கிறது. இந்தப் பக்கம் மூடினால் அந்தப் பக்கம் ஓட்டை தெரிகிறது. தண்ணீர் விட்ட கையோடு சர்ரென்று இறங்கிவிடும். பொடியை நின்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஓடிப்போகிற தண்ணீர். கீழே பார்த்தால் சாயம் போகிற துணியை அலசின நிறத்தில் இருக்கும்.

பெரியவள் சும்மா விடவில்லை. பொடியை இறுக்கி அமுக்கிப் பார்த்தாள். மழைக்காலம், டப்பாவுக்குள்ளேயே பொடி ஈரம் வாங்கியிருந்தது. அமுக்கின இடத்தில் அப்பிக்கொண்டு ஒரு சொட்டுகூட இறங்காமல் அடம்பிடித்தது. இரண்டு ஸ்பூனாக்கிப் பார்த்தாள். கசப்பு வந்தது, கனம் வரவில்லை. இறங்கின தண்ணீரையே எடுத்து மறுபடி மேலே ஊற்றினாள். ஆறித்தான் போனது. ஒருநாள் லைனிங் துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி ஓட்டைத் தட்டின் மேல் விரித்துப் போட்டாள். தண்ணீர் நிதானமாக இறங்கியது. வாயில் வைத்தால் துணிக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

பாலும் சர்க்கரையும் போட்டுவிட்ட பிறகு கீழே கொட்ட மனசு வராது. டம்ளரை எடுத்துக்கொண்டு படியிறங்குவாள். கீழ்த்தளம் முழுக்க பேக்கரி. விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிடுவார்கள். மாடியில் வெறுங்காலோடு நடந்தால் தரை வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டிலும் ரொட்டி வாசத்திலும்தான் அக்காவும் தங்கையும் வளர்ந்தார்கள்.

பேக்கரிக்காரரின் மனைவி முன்பக்கம் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். மேலே ஏறி வந்து கதை பேசுகிற பழக்கம் உள்ளவள். மாடிவீட்டுக்காரர்களுக்கு அவள் பேக்கரியக்கா, அவளுக்குப் பெரியவள் தையலக்கா. யார் யாரைவிட மூத்தவர் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

"வாங்க தையலக்கா. இன்னிக்கும் காபியா?"

"ஏன், வேணாமா?"

"வேணாம்னு யாரு சொன்னா. வைங்க அப்படி."

"வச்சா ஆறிப்போயிரும். இப்பவே குடிங்க."

பேக்கரியக்கா கையைத் துடைத்துக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடி ஒரே மூச்சில் குடிப்பாள்.

"எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு."

"சூடு கெடக்கட்டும். காபி எப்படி இருக்கு?"

"அதான் சொன்னேனே, நல்ல சூடு." டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்ப்பாள். "ஏன் தையலக்கா, ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கென்ன. கல்லு மாதிரி இருக்கேன்."

"ராத்திரி தூக்கம்?"

"நீங்க அடுப்பு மூட்டுற வரைக்கும் தூங்குறேன்."

"அதுக்குக் கேட்டேன்," என்பாள் பேக்கரியக்கா. எதற்குக் கேட்டாள் என்று சொல்ல மாட்டாள்.

இத்தனை பாடும் தங்கையின் கல்யாணத்துக்காக.

சின்னவள் ஐம்பதை எட்டப்போகிறாள். கண்ணாடிக்கடையில் வேலை. மூக்குக்கண்ணாடிக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டுவது, காது நோகிறது என்று வருகிறவர்களுக்குக் கம்பியை வளைத்துக் கொடுப்பது. கடை இருந்த கட்டடத்து லிப்ட் ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். வெளியிலிருந்து லிப்ட் பழுதுபார்க்க வந்தவரின் குரல் கேட்டது: "உள்ள யாரு? பயப்படாதீங்க. கயிறு நல்ல கயிறு, நான்தான் போட்டேன்." இவள், "அப்ப நின்னதும் நீங்க போட்டதுதானா?" என்று கேட்டாள்.  வெளியே ஒரு சிரிப்பு கேட்டது. அவர் கதவை நெம்பித் திறக்கிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார். திறந்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. மனைவி இறந்து வெகுநாளாயிற்று. பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. அடுத்து வந்த மாதங்களில் அந்த லிப்டுக்கு எண்ணெய் போட அவர் வந்த மாதிரி உலகத்தில் எந்த லிப்டுக்கும் யாரும் வந்திருக்க மாட்டார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லாத மனுஷன் கடைசியில் ஒரு கண்ணாடியும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை லிப்ட்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகவில்லை என்று விரல்களை மடக்கி வைத்துக்கொண்டார். பெரியவள் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை இறக்கிப் பார்த்தார்.

"இது என்ன பொடிங்க?"

"எல்லாரும் வாங்குற பொடிதான்."

"எல்லாரும் வாங்குறதைத்தான் நானும் வாங்குறேன். எனக்கு இப்படி வரமாட்டேங்குதே."

"அக்கா கை அப்படி," என்றாள் சின்னவள்.

"அப்ப கையை விட்டுட்டு உங்களை மட்டும் கூட்டிட்டுப் போறேனா? நமக்கு நஷ்டம்தான்."

பெரியவளுக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போனது. அவர் போன பிறகு, "நல்ல மனுஷன்டி. தேதியச் சொல்லி அனுப்பு," என்றாள். சின்னவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை.

"சொல்றேன். நீ தனியா இருந்துப்பேன்னு தெரியட்டும், சொல்றேன்."

"நான் என்ன கைக்குழந்தையா? சமைக்கத் தெரியாதா, துவைக்கத் தெரியாதா? தைக்கிற துணி எவ்வளவு கெடக்கு பாரு, பொழுது போறதே தெரியாது."

"அதெல்லாம் சரி. காலையில எந்திரிச்சு யாருக்குக் காபி போடுவே?"

"எனக்குத்தான்."

"போடமாட்டே. உனக்கு மட்டும்னா நீ எதையும் செய்யமாட்டே. நான் ஊருக்குப் போன அன்னிக்கெல்லாம் காஞ்ச ரொட்டியத் தின்னுட்டு மெஷின்ல உக்காந்த ஆளுதானே நீ. எனக்கென்ன தெரியாதா?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது. மறுநாளே ஒத்திகையை ஆரம்பித்துவிட்டாள். ஒருத்திக்கு ஒழுங்காக ஒரு காபி போட்டுக் காட்டிவிட்டால் சின்னவள் வாயடைத்துத் தேதியைச் சொல்லிவிடுவாள் என்பது அவள் எண்ணம். கை நன்றாகப் பழகின பிறகுதான் காட்ட வேண்டும். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது.

சின்னதாக ஒரு ஃபில்டர் வாங்கினால் தீர்ந்துபோகிற விஷயம். அது அவளுக்கும் தெரியும். பாத்திரக்கடை வாசலில் போய் நின்றும் பார்த்தாள். கைக்கடக்கமாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர், "எடுத்துப் பாருங்கம்மா, ஒத்தை ஆளுக்கு அம்சமா இருக்கும்," என்றார். அவ்வளவுதான், கரண்டி என்ன விலை என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். வேண்டாத கரண்டி ஒன்று வாங்கி வந்ததுதான் மிச்சம்.

ஐந்து பேர் இருந்தபோது அந்த ஃபில்டருக்குப் பொருத்தமான வேலை இருந்தது. ஸ்பூன் கணக்கே அப்போது கிடையாது. அம்மா பொடியைக் கவிழ்த்து, உள்வரம்பு வரைக்கும் வந்ததும் நிறுத்துவாள். அப்பா தபால் வேன் ஓட்டினார். விடிவதற்கு முன்பே காக்கிச் சட்டையும் ஷூவுமாக நின்றபடியே குடிப்பார். உட்கார்ந்தால் சட்டை கசங்கிவிடுமாம். நடுவில் பிறந்த தம்பிக்கு நுரை வேண்டும். அம்மா ஆற்றி ஆற்றிக் கொடுத்தாலும் போதாது, அக்கா டம்ளரில் இருக்கிற நுரையையும் ஸ்பூனால் வழித்துக்கொள்வான். சின்னவளுக்கு அப்போது காபியே கிடையாது, பாலில் நிறம் மட்டும் காட்டுவார்கள். அந்த நிறம் நேற்றைவிட இன்று குறைவு என்று அவள் அழுகிற அழுகையில் கீழே பேக்கரியில் ரொட்டிமாவு பிசைகிறவர்கள் மேலே பார்த்துக் குரல் கொடுப்பார்கள்: "கொஞ்சம் சேத்துத்தான் ஊத்துங்களேன், எங்களுக்குக் காது வலிக்குது."

தம்பி கப்பல் வேலைக்குப் போனான். போன பிறகும் கொஞ்ச நாளைக்குக் காலையில் ஒரு டம்ளர் மிஞ்சியது.  அம்மா அதை மூடி வைப்பாள், பிறகு யாராவது குடிப்பார்கள். ஒருநாள் பார்த்தால் மிஞ்சவில்லை. அம்மாவின் கை தானாகக் குறைத்துக்கொண்டுவிட்டது. அப்பா போன பிறகும் அப்படித்தான். பொடி வரம்பை விட்டுக் கீழே கீழே இறங்கியது. தண்ணீர் கொஞ்சம் அவசரப்பட ஆரம்பித்தது. அம்மாவும் போய் இரண்டு பேர் என்று ஆனபோது அதற்கொரு வழி கண்டுபிடிக்கப் பல நாள் பிடித்தது. இரண்டு ஸ்பூன் போதும் என்றாள் சின்னவள், நாலு என்றாள் இவள். மேடு கட்டி மூன்று, மேலாக ஒரு அமுக்கு, நூல் மாதிரித் தண்ணீர் என்று முடிவானது ஒரு மழைநாள் காலையில்தான். அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது. ஆளுக்கு இன்னும் அரை டம்ளர் ஊற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த அளவை யாரும் தொடவில்லை.

சின்னவள் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருந்தாள். வேலைக்குக் கிளம்பினவள் படியில் பாதி இறங்கித் திரும்பி வந்து அடுப்பு அணைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். சம்பந்தமில்லாமல் ஏதேதோ கேட்டாள்.

"அக்கா, இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன். ஏன், சம்பள நாளா?"

"சும்மா கேட்டேன். அண்ணன் கப்பலுக்குப் போனப்ப என்ன சட்டை போட்டிருந்தான், ஞாபகம் இருக்கா?"

"நான் தச்ச சட்டையாச்சே. நீலத்துல வெள்ளைக் கோடு. காலர் கொஞ்சம் கோணிப்போச்சு, அவன் சொல்லவே இல்ல. போட்டுக்கிட்டே போயிட்டான்."

சின்னவள் தலையாட்டிக்கொண்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பளத்தை உடைத்துப் பெரிய துண்டாக அக்கா தட்டில் வைத்தாள். போகிற நேரம் வந்துவிட்டால் பிரியம் கூடத்தான் செய்யும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மழை விடாமல் ஊற்றின ஒருநாள், கட்டடத்தில் கரண்ட் இல்லை என்று கண்ணாடிக்கடையைப் பகலிலேயே மூடிவிட்டார்கள். மழைச் சத்தத்தில் படியேறி வந்தது பெரியவளுக்குக் கேட்கவில்லை. அவள் ஃபில்டரின் மேல்தட்டை ஒரு பக்கமாகச் சாய்த்து, பொடியையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கி, அந்த மூலையில் மட்டும் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. அடுப்புமேடையில் முந்தின முயற்சிகள் டம்ளர் டம்ளராக, மண் நிறத்திலிருந்து வைக்கோல் நிறம் வரைக்கும் வரிசையாக நின்றன.

கதவு திறந்தது. சின்னவள் நனைந்த குடையோடு நின்றாள். டம்ளர்களைப் பார்த்தாள். கோபப்படவில்லை. கிட்ட வந்து அக்காவின் கையிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

"உக்காருக்கா."

"நனைஞ்சிருக்கியே, தலையத் தொவட்டு."

"தொடச்சுக்கிறேன். நீ உக்காரு."

பெரியவள் முக்காலியில் உட்கார்ந்தாள். சின்னவள் தரையில், அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் அவர்கிட்ட சொல்லிட்டேன். வேணாம்னு."

"எதை வேணாம்னு?"

"கல்யாணத்தைத்தான்."

"ஏன்டி? அவரு ஏதாவது சொன்னாரா?"

"அவரு என்ன சொல்வாரு, பாவம். சரிங்கன்னு சொன்னாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, மாட்டிக்கிட்டாரு, போயிட்டாரு."

"அப்புறம் என்ன கேடு உனக்கு?"

"உன்னை இப்படி விட்டுட்டு நான் எங்கக்கா போறது?"

"எப்படி விட்டுட்டு?"

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் உடைந்துவிடாமல் பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

"பேக்கரியக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. தினமும் நீ கீழ கொண்டு போறதை. 'ஒங்க அக்காவுக்கு காபி போடவே மறந்துபோச்சும்மா. தினமும் கலங்கல் தண்ணிய கொண்டாந்து குடுத்துட்டு எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு கேக்குறாங்க. நேத்தும் அதையேதானே கேட்டாங்கன்னு எனக்கு வயித்தக் கலக்குது'ன்னு சொன்னாங்க."

"அவளுக்கு வயித்தக் கலக்குனா அது என் காபியால இருக்கும்."

"விளையாடாதேக்கா."

"அதுக்குத்தான் கிழமை கேட்டியா?"

"ஆமா."

"சட்டையும்?"

"ஆமா."

"நான்தான் சரியாச் சொன்னேனே?"

"சொன்னே. ஆனா பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்குமாம். புதுசுதான் முதல்ல போகுமாம். கடைக்கு வர்ற டாக்டரம்மாகிட்ட கேட்டேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்லக்கா. நான் இருக்கேன். எங்கயும் போகல. காபி நான் போட்டுத் தரேன்."

பெரியவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் வேறு ஒன்று வந்து வழியை மறித்துக்கொண்டது. தங்கை போகப்போவதில்லை. சொல்லியே விட்டாள். இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளைக் காலையிலும் மேடு கட்டி மூன்று ஸ்பூன். மறுநாளும் அப்படியே. நடிக்கக்கூட வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். கை மேல் இருந்த கை சில்லென்று நனைந்திருந்தது. கீழே யாரோ ரொட்டித் தட்டைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. பெரியவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே வெட்கமாக இருக்கிற அளவுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்றாளே, அதுதான் அவளை உட்கார விடவில்லை.

"எனக்கு ஒண்ணும் மறக்கலடி," என்றாள்.

"சரிக்கா."

"சரிக்கான்னு சொல்லாதே. நோயாளிகிட்ட பேசுற மாதிரி பேசாதே. காபி போட எனக்குத் தெரியும். காலையில உனக்குப் போட்டுக் குடுத்தேனே, அது கலங்கலாவா இருந்துச்சு?"

சின்னவள் யோசித்தாள். "இல்ல. அதான் எனக்கும் புரியல."

"அது ரெண்டு பேருக்குப் போட்டது. இது," மேடைப் பக்கம் கையைக் காட்டினாள், "ஒருத்திக்குப் போட்டுப் பழகுனது. எனக்கு மட்டும். நீ போனப்புறம் குடிக்க. இந்தப் பாழாப்போன ஃபில்டர்ல ஒருத்திக்கு வரமாட்டேங்குது. அவ்வளவுதான் விஷயம்."

சின்னவள் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. பெரியவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. சின்னவள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு எழுந்தாள். மேடையருகில் போய் டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"தெரியல. கொஞ்ச நாளா."

"நான் இந்தப் பக்கம் படியிறங்குனதும் அந்தப் பக்கம் நீ இதை ஆரம்பிச்சிருவே. அப்படித்தானே?"

"உனக்குத் தெரிய வேணாம்னுதான்."

"அம்மா போனப்புறம் நான் ஒரு ஸ்பூன் குறைச்சேன். ஞாபகம் இருக்கா உனக்கு? டப்பாவப் புடுங்கி அந்தாண்ட வச்சே. 'அதுக்குள்ள உனக்குக் குறைக்கக் கை வந்துருச்சாடி'ன்னு கேட்டே. எத்தனை நாள் நீ என்கூடப் பேசல." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பெரியவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நான் உசிரோட இருக்கேன்க்கா. இன்னும் இதே வீட்டுலதான் படுத்து எந்திரிக்கிறேன். எனக்கு இப்பவே குறைச்சிட்டியே."

 துணியைத் தப்பாக வெட்டிவிட்ட மாதிரி பெரியவள் தன் கையையே பார்த்தாள். இனி ஒட்டுப்போட்டால் ஒட்டுத் தெரியும்.

"நீதானேடி கேட்டே," என்றாள் கடைசியில். "யாருக்குக் காபி போடுவேன்னு நீதானே கேட்டே. நான் தனியா இருந்துப்பேன்னு தெரிஞ்சாத்தான் தேதி சொல்லுவேன்னியே. அதான், இருந்துப்பேன்னு காட்டலாம்னு பார்த்தேன். உன்னை அனுப்ப அவசரமா எனக்கு? ஒவ்வொரு தடவையும் இது கெட்டுப்போறப்ப எனக்குள்ள ஒரு சந்தோஷம் வருது தெரியுமா? அப்பாடா, இன்னிக்கும் வரலன்னு. சொல்ல வெக்கமா இருக்கு. இப்பக்கூட, நீ போகலன்னு சொன்னப்ப, பேசாம இருந்துரலாம்னு பார்த்தேன். புத்தி கெட்டவளாவே இருந்துட்டுப் போவோம்னு பார்த்தேன்."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். நனைந்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக இறங்கின டம்ளரில் பாலை ஊற்றினாள், சர்க்கரை போட்டாள், ஒரு வாய் குடித்தாள். மூஞ்சியைச் சுளித்தாள்.

"கேவலமா இருக்குக்கா."

"தெரியும்."

"இதையா அந்த அம்மா தினமும் குடிச்சாங்க?"

"சூடா இருக்குன்னு சொல்வா."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, ஒருவழியாக நின்றது. பெரியவள் துண்டை எடுத்து வந்து அவள் தலையைத் துவட்டினாள். சின்ன வயதில் துவட்டின மாதிரியே, காது வலிக்கிற அளவுக்கு.

"மெதுவாக்கா."

"தலைய ஆட்டாம நில்லு."

துண்டுக்குள்ளிருந்தே சின்னவள் கேட்டாள். "நான் போயிட்டா நெசமா என்ன பண்ணுவே?"

எனக்கென்ன, கல்லு மாதிரி இருப்பேன் என்றுதான் பெரியவள் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு யோசித்தாள்.

"ரெண்டு பேருக்கே போடுவேன். மூணு ஸ்பூன். அது ஒண்ணுதான் எனக்கு ஒழுங்கா வருது. பாதிய காலையில குடிப்பேன், பாதிய மத்தியானம் குடிப்பேன்."

"ஆறிப்போயிருமே."

"ஆறிப்போகும்."

"ஆறின காபின்னா உனக்குக் கொமட்டுமே."

"கொமட்டும். குடிப்பேன். கொஞ்ச நாளைக்கு எதுவுமே நல்லா இருக்காதுடி. நான் நல்லா இருப்பேன்னு உனக்கு எழுதிக் குடுக்க முடியாது. அதுக்காக நீ போகாம இருக்காதே."

சின்னவள் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மேடையில் வரிசையாக நின்ற டம்ளர்களைக் கொஞ்சநேரம் பார்த்தாள். குடிக்க ஆரம்பித்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போனாள்.

"எங்கடி?"

"கீழதான். பேக்கரி போன்ல பேசிட்டு வரேன். இந்நேரம் அவர் ஏதாவது லிப்ட் மேல ஏறி நிப்பாரு. எடுக்கிற ஆளுகிட்டச் சொல்லி இறங்கி வரச் சொல்லணும்."

மழை கொஞ்சம் விட்டிருந்தது. கீழே போனில் யாரோ அவரைக் கூப்பிடப் போய், அவர் வந்து சேர, நேரம் பிடித்திருக்க வேண்டும். பிறகு பலகைத் தரை வழியாகச் சின்னவளின் குரல் மேலே வந்தது. லைன் சரியில்லை போலிருக்கிறது, கத்திப் பேசினாள். பேக்கரி முழுக்கக் கேட்டிருக்கும்.

"நான்தான். ஆமா... வேணாம்னு சொன்னேன், இப்ப வேணும்னு சொல்றேன்... இல்லைங்க, அக்கா நல்லாத்தான் இருக்கா... புத்தியெல்லாம் நல்லா இருக்கு. ஒரு ஆளுக்கு மட்டும்னா காபிதான் போடத் தெரியல... உங்களுக்கு வர்ற அளவுக்குக்கூட வரல... தேதியா? அது நீங்க ஏறி வந்து அக்காகிட்டக் கேளுங்க."

நடுவில் பேக்கரியக்காவின் குரலும் கேட்டது. "அப்ப தையலக்காவுக்கு ஒண்ணும் இல்லையா? நான்தான் அத்தனையும் குடிச்சேனா?"

பெரியவள் முக்காலியில் உட்கார்ந்து தங்கை மிச்சம் வைத்த டம்ளரை எடுத்தாள். மேலே ஆடை படிந்திருந்தது. விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தாள். நன்றாக ஆறிப்போயிருந்தது. டம்ளரைக் கீழே வைக்காமல் முழுசையும் குடித்து முடித்தாள்.